தின்னீன்: ஒரு சொல்லைப் பற்றிய சில வாசிப்புக் குறிப்புகள்

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர் எங்கள் ஊர் இலக்கிய வட்டத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் ஓர் இளம் பெண் தனது கவிதையொன்றை வாசித்தார். வாசிகசாலையின் மேல்மாடியில், மஃரிபுக்குப் பின்னர் நடந்த சிறிய கூட்டம். பதினைந்து பேர் வரை இருந்திருப்போம். ஒரே வீட்டில் வாழும் இரு சகோதரிகளுக்கிடையே மெல்ல வளரும் பொறாமைதான் அக்கவிதையின் பொருள். அந்தப் பொறாமையை அவர் ‘தின்னீன்’ என்று பெயரிட்டு அழைத்திருந்தார். மகளிர் அரபுக் கல்லூரி ஒன்றில் ஓதி முடித்தவர் அவர். அந்தச் சொல் அவருக்கு இயல்பாக வந்திருக்க வேண்டும்.

கருத்துரைக்கும் முறை எனக்கு வந்தது. ஆசிரியர் கலாசாலையில் தமிழை விசேட பாடமாகப் பயின்றவன், ஊரில் ‘விமர்சகர்’ என்று நாலு பேர் சொல்லத் தொடங்கியிருந்த காலம் வேறு. கையடக்க அரபு அகராதியொன்றைப் புரட்டிப் பார்த்த தைரியத்தில், “தங்கச்சி, தின்னீன் எண்டா சீனாக்காரன்ட டிராகன். நம்மட ஊட்டுக்குள்ள அது எப்பிடி வந்திச்சு?” என்று கேட்டேன். சபை சிரித்தது. அவர் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பின்னர் ஓரிரு தடவைகள் கூட்டத்துக்கு வந்தார், எதுவும் வாசிக்கவில்லை. பிறகு வரவேயில்லை.

அந்தச் சம்பவம் எனக்கு மறந்தே போயிருந்தது. சென்ற வருடம் தரம் 8 மாணவன் ஒருவன் கேட்ட கேள்விதான் அதை மீளக் கிளறியது. ஃபிர்அவ்னின் சபையில் மூஸா நபியின் தடி பாம்பான சம்பவத்தை ஒட்டி ஒரு கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். அவன் எழுந்து, “சேர், மூஸா நபிட தடி சின்னப் பாம்பாகினதா, பெரிய பாம்பாகினதா? ஓதப்பள்ளியில ரெண்டு மாதிரியும் சொல்லுறாங்க” என்றான். அவனுக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தச் சொல்லின் பின்னால் நெடுந்தூரம் நடக்க நேர்ந்தது. நான் அரபு மொழி அறிஞனல்லன். குர்ஆன் மத்ரஸாவில் கற்றதும், எங்கள் ஊர் மௌலவி ஒருவரிடம் பிற்காலத்தில் கேட்டுப் படித்ததுமே என் அரபு. ஹீப்ரு, கிரேக்கம் என்பன அறிஞர்களின் நூல்கள் வழியாக அறிந்தவை. ஒரு வாசகனின் குறிப்புகளாகவே இவற்றை முன்வைக்கிறேன்.

1

தின்னீன் என்ற அரபுச் சொல்லுக்கு மூத்த உறவினர்கள் உண்டு. ஹீப்ருவில் அது தன்னீன். அதற்கும் முந்திய உகாரித் மொழியில் துன்னனு. உகாரித் என்பது சிரியாவின் மத்தியதரைக் கடற்கரையில், இன்றைய லத்தாக்கியா நகருக்கு அருகே இருந்த பண்டைய துறைமுகப் பட்டினம். 1928 இல் ஓர் உழவரின் கலப்பை பழைய கல்லறையொன்றில் தட்டியதும், அடுத்த வருடமே பிரெஞ்சு அகழ்வாய்வாளர்கள் அங்கு தோண்டத் தொடங்கினர். கி.மு. 14, 13 ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த களிமண் ஏடுகள் கிடைத்தன. அவற்றிலுள்ள பாஅல் தெய்வத்தின் கதைகளில் துன்னனு கடலின் அணியில் நிற்கும் எதிரி. அனாத் என்ற பெண் தெய்வம், தான் வென்றொழித்த பகைவர்களை வரிசைப்படுத்தும்போது துன்னனுவையும், ஏழு தலைகளையுடைய முறுகிய பாம்பையும் சேர்த்துச் சொல்கிறாள். ஆக, எமக்குத் தெரிந்த ஆதிப் பயன்பாட்டிலே இச்சொல் தெய்வங்களோடு பொருதும் ஒரு பேருருவைக் குறித்தது.

அதே சொல் ஹீப்ரு வேதத்துக்குள் வரும்போது நிகழும் மாற்றம் நுணுகி நோக்கத்தக்கது. ஆதியாகமத்தின் முதலாம் அதிகாரத்தில் இறைவன் கடலின் உயிர்களைப் படைக்கிறான். அங்கே ‘பெரிய தன்னீன்கள்’ முதலாவதாகக் குறிப்பிடப்படுகின்றன. எதிரியல்ல, படைப்பு. சங்கீதம் 148 இல் அவையும் இறைவனைத் துதிக்குமாறு அழைக்கப்படுகின்றன. உகாரித் ஏடுகளில் தெய்வத்தோடு சரிக்குச் சரி நின்ற உருவம் இங்கே அடிமையாகி விடுகிறது. தவ்ஹீத் என்ற கொள்கை ஒரு சொல்லின் அந்தஸ்தை எவ்விதம் மாற்றியமைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் கண்டதில்லை.

ஆயினும் பழைய பகையின் நினைவு முற்றாக அழிந்துவிடவில்லை. ஏசாயா 27, 51 ஆம் அதிகாரங்களில் தன்னீன் வெட்டப்படும், குத்தப்படும் எதிரியாக மீண்டும் தலைகாட்டுகிறது. எரேமியா 51 இல், நாட்டை விழுங்கிய பாபிலோனிய மன்னன் தன்னீனுக்கு ஒப்பிடப்படுகிறான். உபாகமம் 32 இல் அது கடலை விட்டுத் தரைக்கு வந்து, விஷமுள்ள வெறும் பாம்பாகிறது. யோபு 7 இல், நாம் அய்யூப் நபி என்றழைக்கும் அந்த நோயாளி, தன்மீது இத்தனை காவல் எதற்கு, தான் என்ன கடலா, தன்னீனா என்று இறைவனிடம் முறையிடுகிறார். தோல் புழுத்து, சாம்பலில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன், தன்னை அந்தப் பேருருவோடு ஒப்பிட்டுப் பார்த்து, இவ்வளவு அடக்குமுறைக்கு நான் தகுதியானவனா என்று கேட்கும் இடம் அது. தன்னீன் என்பது அடைத்து வைக்கப்பட வேண்டிய ஆபத்து என்பதை அறிந்த வாசகனுக்கு மட்டுமே அந்தக் கேள்வியின் கசப்பு விளங்கும்.

இனி, தமிழுக்கு வருவோம். தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே நெடுங்காலமாகப் புழங்கும் பழைய வேதாகமத் திருப்புதலில் இந்த ஒரே சொல் எத்தனை உருவம் எடுக்கிறது என்று பார்த்தேன். ஆதியாகமத்தில் மச்சம்; யாத்திராகமத்தில் சர்ப்பம்; ஏசாயாவில் வலுசர்ப்பம்; யோபுவில் திமிங்கிலம்; எசேக்கியேலில் முதலை. மீன், பாம்பு, பெரும்பாம்பு, திமிங்கிலம், முதலை! மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லி இதைக் கடந்துவிடுவது இலகு. ஆனால் 1611 இன் ஆங்கில வேதாகமமும் ஆதியாகமத்தில் திமிங்கிலம் என்றே போட்டது. அதற்கும் ஆயிரத்து எண்ணூறு வருடங்களுக்கு முந்திய கிரேக்கத் திருப்புதலும் ஆதியாகமத்தில் பெரும் கடல்விலங்கைக் குறிக்கும் சொல்லையும், யாத்திராகமத்தில் ‘த்ராக்கோன்’ என்ற சொல்லையும் கையாண்டது. ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளரும் இடம் பார்த்து உருவம் கொடுத்திருக்கிறார். தன்னீன் ஒரு விலங்கின் பெயரல்ல. மனிதன் தன் கைக்கு அடங்காததாகக் கண்ட நீண்ட உடலுக்கெல்லாம் பொதுவாக இட்ட பெயர் என்பதே பொருத்தம் எனலாம்.

2

இவ்விடத்தில் ஒரு குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். ஹீப்ருவில் ‘தன்’ என்றால் நரியினத்தைச் சேர்ந்த விலங்கு. அதன் பன்மை தன்னீம். தன்னீன், தன்னீம் இரண்டுக்குமிடையே கடைசி எழுத்து ஒன்றே வேறுபாடு. எசேக்கியேல் 29 இல் ஃபிர்அவ்னை நைல் நதியில் படுத்திருக்கும் பேருருவாகச் சித்திரிக்கும் இடத்திலேயே ‘தன்னீம்’ என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. நதியில் நரி படுத்திருக்க முடியாது என்பதால் தன்னீன் என்று பொருள்கொள்கின்றனர். புலம்பல் 4 இல் இதற்கு மறுதலை: எழுத்தில் தன்னீன், வாசிப்பு மரபில் தன்னீம்.

இந்த ஒற்றை எழுத்து உண்டாக்கிய விளைவு சாமானியமானதல்ல. பாழடைந்த பட்டினங்களில் நரிகள் குடியேறும் என்று தீர்க்கதரிசிகள் சொன்ன இடங்களிலெல்லாம் 1611 ஆங்கிலப் பிரதி டிராகன்களைக் குடியேற்றியது. மீகா 1 இல் தீர்க்கதரிசி தான் தன்னீம்களைப் போல ஓலமிடுவதாகச் சொல்கிறார். கிரேக்கமும் ஆங்கிலமும் அவரை டிராகன் போல ஓலமிட வைத்தன. எங்கள் ஊரின் வயலோரத்தில் மாரி காலத்து இரவொன்றில் நரிகள் ஊளையிடுவதைக் கேட்டவர்களுக்கு அந்த உவமை எவ்வளவு பொருத்தமானது, எவ்வளவு துயரமானது என்பது விளங்கும். டிராகனின் ஓலத்தை எவர் கேட்டிருக்கிறார்? புலம்பல் 4 இல் நிலைமை இன்னும் விநோதம். தன் குட்டிகளுக்குப் பால்கொடுக்கும் விலங்கைக் காட்டி, அதனளவு இரக்கம் கூட மனிதரிடம் இல்லாமற் போனதே என்று அழும் இடம் அது. கிரேக்கத்தில் அங்கே முலையூட்டுவது த்ராக்கோன். 1885 இல் வெளிவந்த திருத்திய ஆங்கிலப் பதிப்பிலேதான் இவ்விடங்களில் நரி மீண்டது.

நெகேமியா 2 இல் வரும் ஜெரூசலம் நீரூற்றின் பெயர் இன்றும் சிலருக்கு டிராகன் ஊற்று, சிலருக்கு நரிக் கிணறு. நவீன ஹீப்ருவிலோ தன்னீன் என்றால் முதலை மட்டுந்தான். ஆயிரமாயிரம் வருடங்கள் கடலைக் கலக்கிய பேருரு மிருகக்காட்சிச் சாலையின் பெயர்ப்பலகையில் வந்து அடங்கிவிட்டது.

3

மாணவனின் கேள்விக்கு வருகிறேன். அவன் ஓதப்பள்ளியில் கேட்ட இரண்டு மாதிரியும் சரியானவையே.

தின்னீன் என்ற சொல் குர்ஆனில் இல்லை. மூஸா நபியின் தடி பற்றிய சம்பவத்தில் குர்ஆன் மூன்று வேறு சொற்களை வழங்குகிறது. 20:20 இல் ‘ஹய்யா’. பாம்பு என்பதற்கான பொதுச் சொல். 27:10, 28:31 ஆகிய இரு இடங்களிலும் ‘ஜான்ன்’. விரைந்து நெளியும் சிறு பாம்பு. 7:107, 26:32 ஆகிய இடங்களில் ‘துஅபான்’, பெரும் பாம்பு. இவை முரண்பாடல்லவா என்ற வினாவைப் பழைய முஃபஸ்ஸிர்களே எழுப்பி, உருவத்தில் துஅபானாகவும் வேகத்தில் ஜான்னாகவும் இருந்தது என்று இணக்கம் கண்டிருக்கின்றனர். அது அவர்களுடைய துறை. ஒரு தமிழ் ஆசிரியனாக, இலக்கியக் கண்கொண்டு நான் கவனித்தது வேறொன்று.

ஹய்யாவும் ஜான்னும் வருவது, மூஸா நபி நெருப்பைக் கண்டு தனியே சென்று முதன்முதல் அழைக்கப்பட்ட இடத்தில். அங்கே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவரே. துஅபான் வருவதோ இரண்டு இடங்களிலும் ஃபிர்அவ்னின் முன்னிலையில். தனிமையிலே தன் அடியாருக்குக் காட்டப்படும்போது அது ஒரு பாம்பு. அரசனுக்கு முன்னால் அது பேருரு. காட்சி எங்கே, காண்பவர் யார் என்பதற்கேற்பச் சொல் மாறுகிறது.

இதையறிந்த பின்னர் யாத்திராகமத்தைத் திறந்தேன். என்னுடன் முன்பு கற்பித்த கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவர் தந்த பிரதி அது. ஹீப்ரு மூலத்தில் நான்காம் அதிகாரத்தில், மலையடிவாரத்தில் மூஸா தனித்திருக்கும்போது, தடி ‘நாஹாஷ்’ ஆகிறது. அது பாம்புக்குரிய பொதுச் சொல். ஏழாம் அதிகாரத்தில், ஃபிர்அவ்னின் சபையில், தடி ‘தன்னீன்’ ஆகிறது. சூனியக்காரரின் தடிகளும் தன்னீன்களாகி, பின்னர் விழுங்கப்படுகின்றன. இரண்டு வேதப் பிரதிகளும் ஒரே இடத்தில் ஒரே மாதிரிச் சொல்லைப் பெரிதாக்கியிருப்பதைக் கண்டபோது சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இருந்தேன். எசேக்கியேல் பின்னர் ஃபிர்அவ்னையே நதியின் பெரிய தன்னீன் என்று அழைப்பதையும் சேர்த்துப் பார்த்தால், அரசசபைக் காட்சியின் உட்பொருள் துலங்குகிறது. தன்னைப் பேருருவாக எண்ணியிருந்தவனுக்கு முன்னால், ஓர் ஆட்டிடையனின் தடி பேருருவாகி நின்றது.

எமது தமிழாக்கங்களில் இது என்னவாயிற்று? பழைய வேதாகமத் திருப்புதலில் நான்காம் அதிகாரத்திலும் சர்ப்பம், ஏழாம் அதிகாரத்திலும் சர்ப்பம். குர்ஆன் தமிழாக்கங்களில் பாம்பு என்றும், சில இடங்களில் பெரிய பாம்பு என்றும் வருகிறது. பொருளில் பிழையில்லை. ஆனால் மூலத்தில் சொல் மாறியது என்ற செய்தி தமிழ் வாசகனுக்குப் போதிய அளவில் வந்து சேரவில்லை. ஒரே சொல்லுக்கு எங்கும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. தன்னீன் விடயத்தில் அது இயலாது என்பதை மேலே கண்டோம். ஒரே கதைக்குள் மூலம் இரண்டு சொற்களை வேண்டுமென்றே மாற்றி வைத்தால், தமிழிலும் இரண்டு சொற்கள் வேண்டும் என்பதே என் கட்சி. முதலாவது இடத்தில் பாம்பு என்றும் இரண்டாவது இடத்தில் பெருநாகம் என்றும் போட்டாலே போதும். அந்த மாணவன் எழுந்து நின்று கேட்டிருக்க மாட்டான். அல்லது இன்னும் நல்ல கேள்வியொன்றைக் கேட்டிருப்பான்.

4

அரபு எழுத்தாளர்களிடம் தின்னீன் வேறு பாதைகளிலும் நடந்தது. கி.பி. 956 இல் மறைந்த வரலாற்றாசிரியர் அல்-மஸ்ஊதி தமது ‘முரூஜுத் தஹப்’ நூலில் கடல்களைப் பற்றி எழுதும்போது தின்னீன் பற்றிய கருத்து வேறுபாடுகளைத் தொகுத்துத் தருகிறார். சிலர் அது கடலடியில் உருவாகி மேலெழுந்து மேகத்தோடு ஒட்டிக்கொள்ளும் கரிய காற்று என்கிறார்களாம். வேறு சிலர் அது ஆழ்கடலில் வளர்ந்து பிற உயிர்களை வருத்தும் பிராணியென்றும், மேகம் வந்து அதைத் தூக்கிச் செல்வதாகவும் சொல்கிறார்களாம். எமது கடலிலும் சில காலங்களில் மேகத்துக்கும் நீருக்கும் இடையே தூண்போல எழும் நீர்ச்சுழலைத் தோணிக்காரர் கண்டு சொல்வதுண்டு. முதலாவது சாரார் சொன்னது அதைத்தான். லெபனான், சிரியாக் கரையோரங்களில் அந்த நீர்ச்சுழலை இன்றும் கடல் தின்னீன் என்றே அழைக்கின்றனர்.

மஸ்ஊதி இடத்தையும் சுட்டுகிறார். தின்னீன் அதிகம் காணப்படுவது திரிப்போலி, லத்தாக்கியா, அந்தாக்கியாவைச் சார்ந்த அக்ரஃ மலை ஆகியவற்றை அண்டிய கடலில் என்பது அவர் கூற்று. அந்த அக்ரஃ மலைதான் உகாரித் ஏடுகளில் பாஅலின் இருப்பிடமாகிய ஸஃபோன் மலை. இரண்டு குறிப்புகளுக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல். மொழி மாறி, மதம் மாறி, அரசுகள் எத்தனையோ மாறிய பின்னும், அதே கரையில், அதே மலைக்கு எதிரே, அதே சொல். கதை தொடர்ந்து வந்ததா, கடலின் இயற்கை ஒவ்வொரு தலைமுறைக்கும் அதே கதையை மீளச் சொல்லிக்கொடுத்ததா என்று தீர்ப்புக் கூற நான் முற்படவில்லை. மஸ்ஊதியிடம் என்னைக் கவர்ந்தது, இரு சாராரின் கூற்றையும் அருகருகே வைக்கும் அவரது பண்பு. எவரையும் பார்த்து அவர் சிரிக்கவில்லை.

வானவியலாளர்களிடம் தின்னீன் முற்றிலும் வேறொரு வேலையைப் பார்த்தது. சூரியனின் பாதையைச் சந்திரனின் பாதை வெட்டும் இரண்டு புள்ளிகளை அவர்கள் ‘ரஃஸுத் தின்னீன்’, ‘தனபுத் தின்னீன்’ என்றனர். அதாவது தின்னீனின் தலை, தின்னீனின் வால். எமது அயலவர்களின் பஞ்சாங்கத்தில் ராகு, கேது என்று வருபவை இவையே. இவற்றின் அருகே சந்திரன் இருக்கையில் மட்டுமே கிரகணம் நிகழும். இந்தியாவைப் பற்றிய தமது நூலை 1030 அளவில் எழுதிய அல்-பிரூனி, ராகு விழுங்குவதால் கிரகணம் உண்டாகிறது என்ற நம்பிக்கையை விரிவாக எடுத்து ஆராய்கிறார். உண்மைக் காரணத்தை அறிந்திருந்த பிரம்மகுப்தர் பாமர நம்பிக்கைக்கு இடங்கொடுத்து எழுதியதற்காக அவரைக் கண்டிக்கவும் தவறவில்லை. சூரியனும் சந்திரனும் எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் அடைவதில்லை என்று, தமது மகன் இப்ராஹீம் மரணித்த நாளில் நிகழ்ந்த கிரகணத்தின்போது நபியவர்கள் சொன்ன ஹதீஸ் எல்லோரும் அறிந்ததே. வானில் ஒரு விலங்கு இருந்து விழுங்குவதாக அவ்வானவியலாளர்கள் கணக்கிடவில்லை. ஆனாலும் தின்னீன் என்ற பெயரை அவர்கள் கைவிடவுமில்லை. நம்பிக்கை போய்ப் பெயர் மட்டும் நின்றது. இன்றும் சந்திரன் அப்புள்ளிகளில் ஒன்றிலிருந்து புறப்பட்டு மீண்டும் அதனிடம் வரும் 27.2 நாட்களை மேலைத்தேய வானவியலில் டிராகன் மாதம் என்றே சொல்கின்றனர். ஒரு சொல்லை வழங்குகிறவர் அதன் பழைய கதையை நம்புகிறார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது ஒரு பாடம்.

வடவானில் டிராகன் உருவில் வளைந்து கிடக்கும் விண்மீன் கூட்டமும் அரபில் தின்னீன்தான். அதிலுள்ள துபான் என்ற விண்மீனின் பெயர் மேலே நாம் கண்ட துஅபானிலிருந்து வந்தது. கி.மு. 2800 அளவில் துருவ விண்மீனாக நின்றது அதுவே.

5

எஞ்சியிருப்பது கப்று. எனது தவறும் அங்கேதான் கிடக்கிறது.

சின்ன வயதில் மூத்தம்மா சொல்லக் கேட்டு, போர்வைக்குள் காலை மடக்கிக்கொண்டு படுத்த ஞாபகம் எனக்கு உண்டு. கப்றிலே பாவியைத் தொண்ணூற்றொன்பது பாம்புகள் தீண்டும் என்பார். அரபுச் சொல் அவருக்குத் தெரியாது. அந்த ஹதீஸில் வரும் மூலச் சொல் தின்னீன். தாரிமியின் தொகுப்பில் எண்ணிக்கை 99, திர்மிதியில் 70. அவற்றுள் ஒன்று பூமியின்மீது ஊதினால் அதில் பின்னர் எதுவும் முளைக்காது என்றும் வருகிறது. அறிவிப்பாளர் தரத்தைப் பேசுவது என் வேலையல்ல. சொல்லை மட்டுமே பார்க்கிறேன். இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) ‘இஹ்யா’வின் இறுதிப் பகுதியாகிய மரணத்தைப் பற்றிய நூலில் அபூஹுரைரா (ரலி) வழியாக எடுத்தாளும் அறிவிப்பில், தின்னீன் என்றால் என்னவென்று அறிவீர்களா என்ற கேள்வி ஹதீஸுக்குள்ளேயே கேட்கப்படுகிறது. ஒவ்வொன்றும் ஏழு தலைகளுடைய தொண்ணூற்றொன்பது பாம்புகள் என்று விடையும் வருகிறது. அன்றைய அரபிகளுக்கே விளக்கம் தேவைப்பட்ட சொல் அது. அகராதி பார்த்த ஒரு கிராமத்து வாத்தியார் அதை ஒரு வரியில் தீர்த்துவிட்டேன் என்று நினைத்ததை என்னவென்பது!

கஸ்ஸாலி அதோடு நிற்கவில்லை. இந்த எண்ணிக்கையைக் கண்டு வியப்படைய வேண்டாம் என்கிறார். மனிதனிடமுள்ள இழிகுணங்களின் தொகைக்கு ஏற்பவே அவற்றின் தொகை என்று விளக்குகிறார். பெருமை, முகஸ்துதி, பொறாமை, குரோதம் முதலான குணங்களே அங்கே பாம்புகளாகவும் தேள்களாகவும் மாறுகின்றன. அவற்றில் வலியது தின்னீனைப் போலத் தீண்டும், மெலியது தேளைப் போலக் கொட்டும், இடைப்பட்டது பாம்பைப் போல வருத்தும் என்பது அவர் கருத்தின் சாரம். வெளியிலிருந்து எதுவும் வருவதில்லை. மனிதன் தன் நெஞ்சுக்குள் வளர்த்ததையே தன்னோடு கொண்டுபோகிறான்.

இந்தப் பக்கங்களை மௌலவி எனக்கு வரிவரியாக வாசித்துப் பொருள் சொன்ன மாலையில், வாசிகசாலையின் மேல்மாடியும் மடிக்கப்பட்ட அந்தத் தாளும் கண்முன் வந்தன. ஒரு வீட்டுக்குள், இரு சகோதரிகளுக்கிடையில், பொறாமை என்ற தின்னீன். அவர் படிமத்தைத் தேடி எங்கும் போகவில்லை. தாம் ஓதிய மரபின் நடுவிலிருந்தே அதை எடுத்திருந்தார். இஸ்லாமியத் தமிழ்க் கவிதைக்கு எமது சொந்த அறிவு மரபிலிருந்து படிமங்கள் வர வேண்டும் என்று மேடைதோறும் பேசிக்கொண்டிருந்தவன் நான். அது வந்து எதிரே நின்றபோது அடையாளம் தெரியாமல் சிரித்தேன். மற்றவர்களையும் சிரிக்க வைத்தேன்.

6

இதிலிருந்து விமர்சனம் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இன்று அரபுப் பத்திரிகைகளில் தின்னீன் என்றால் பெரும்பாலும் சீனா. எமது கடைகளிலும் விற்கும் டிராகன் பழம்கூட அங்கே தின்னீன் பழம்தான். எனது கையடக்க அகராதி பொய் சொல்லவில்லை. அது இன்றைய பொருளைச் சொன்னது. பிழை, ஒரு சொல்லுக்கு ஒரு காலம்தான் உண்டு என்று நான் எண்ணியது. தமிழிலும் நாம் இப்போது வலுசர்ப்பம், பெருநாகம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு டிராகன் என்ற ஒன்றையே எங்கும் எழுதத் தொடங்கியிருக்கிறோம். சிறகும் தீமூச்சுமாகச் சினிமாவில் பார்த்த உருவத்தையே அது கண்முன் நிறுத்தும். அந்த உருவத்தை மனதில் வைத்துக்கொண்டு அய்யூப் நபியின் முறையீட்டையோ, கஸ்ஸாலியின் கப்றையோ வாசித்தால் அவை சிறுவர் கதைகளாகிவிடும். கிரேக்கத்தின் த்ராக்கோனும் ஆதியில் சிறகுள்ளதல்ல. ஹோமரின் இலியத்தில் குருவிக் கூட்டில் குஞ்சுகளை விழுங்குவது வெறும் பாம்புதான். படம் பிந்தியது; சொல் முந்தியது.

ஆகவே ஒரு படைப்பாளி பழைய சொல்லொன்றைப் பயன்படுத்தினால், விமர்சகன் முதலில் கேட்க வேண்டியது இதன் அகராதிப் பொருள் என்ன என்பதல்ல. இது எந்தப் பிரதியிலிருந்து இவரிடம் வந்தது என்பதே. அதைக் கேட்பதற்கு இலகுவான வழியொன்றும் இருந்தது. அவர் எனக்கு எதிரே நாலடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். “தங்கச்சி, இந்தச் சொல்ல எங்க எடுத்தீங்க?” என்று கேட்டிருந்தால், பத்து வருடங்கள் கழித்து மௌலவியிடம் கற்றதை அன்றே அவரிடம் கற்றிருப்பேன். எமது சிறிய ஊர்களில் எழுதத் துணியும் பெண்கள் எத்தனை பேர் என்பதை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவரின் ஒரு நல்ல கவிதையை, அரைகுறை அறிவோடு நான் மூடச் செய்திருக்கிறேன். எழுத்தாளன் பிழைவிட்டால் ஒரு கவிதை பழுதாகும். விமர்சகன் பிழைவிட்டால் எழுதப்படாத கவிதைகளும் சேர்ந்து போகும்.

இதைத் தனியே போய் அவரிடம் சொல்லியிருக்கலாம். சபையில் விட்ட பிழையைச் சபையிலேயே ஒப்புக்கொள்வதுதான் முறை என்று பட்டதால் இங்கே எழுதுகிறேன். அவர் இப்போது அயற் கிராமமொன்றில் சிறுவர்களுக்கு ஓதிக் கொடுப்பதாக அறிகிறேன். இந்த இதழ் அவர் கைக்கும் போகும்படி பார்த்துக்கொள்வேன். அந்தக் கவிதையின் பிரதி அவரிடம் இன்னும் இருந்தால், அடுத்த ஒன்றுகூடலில் வாசிக்குமாறு கேட்பதாக உத்தேசம். வாசிப்பதும் மறுப்பதும் அவருடைய உரிமை. வாசித்தால், இம்முறை கேள்வி கேட்கவே வருவேன்.

மாணவனுக்குச் சொன்ன பதிலையும் பதிந்து விடுகிறேன். “தனிய இருக்கக்குள்ள பாம்பு. ராசாக்கு முன்னால பெரும் பாம்பு. ஏன் அப்பிடி எண்டு நீ எழுது” என்றேன். மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தான்.